கறுப்பு அட்டை

என் மகள் நித்யாவுக்குப் பதினேழு வயது. மாநில ஹாக்கி முகாமுக்குத் தேர்வாகியிருக்கிறாள். போன வாரம் அதற்கான மருத்துவப் படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம்: கடந்த ஆறு மாதங்களில் ஏற்பட்ட காயம் அல்லது குறை, அது தெரியவந்த நாள். அதன் கீழே பெற்றோர் கையெழுத்து.

“அம்மா, அந்தக் கட்டத்த மட்டும் காலியா விடேன். கணுக்கால் இப்போ பில்குல் டீக், சரியாயிடுச்சு. எழுதினா மொதல் நாளே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

கணுக்கால் சரியாகவில்லை. மடங்கிப் பதினெட்டு நாள்தான் ஆகிறது. படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் வலிக்கும் இடது காலையே முதலில் வைக்கிறாள். எனக்கு அது போதும். அவள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நான் அந்தக் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருப்பதாக வீட்டில் புகார்.

“நீ இத்தன வருஷம் வேல பாத்தியே, யாருக்கும் இப்படி விட்டதே இல்லையா?” என்று கேட்டாள்.

குக்கர் சத்தம் கேட்டதுபோல எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பில் குக்கர் இல்லை.

அதே வாரம், புதிதாக ஒரு கிளப்பில் சேர்ந்திருக்கும் இளம் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். இப்போது புனேயில் கால்பந்து கிளப்புகள் பெருகிவிட்டன. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். “சேர்க்கும்போது என்னென்ன பார்ப்பீங்க மேடம், எதுல ஏமாறுவோம்?” என்று கேட்டாள். எழுதி அனுப்புகிறேன் என்றேன். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்.

பிசியோதெரபி படித்தது மதுரையில். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்பும் தசையும் மனப்பாடம், பிறகு ஆறு மாதம் அரசு மருத்துவமனை வார்டு. திருமணமாகிப் புனே வந்தேன். கணவருக்குப் பாதுகாப்புத் துறையின் கணக்கு அலுவலகத்தில் வேலை, கட்கியில் வீடு. தொண்ணூறுகளின் நடுவில் போசரியில், கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மருத்துவ அறையில் சேர்ந்தேன். லேத்தின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்து நிற்பவர்களின் முதுகும் தோளும் என் வேலை. அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. ஆட்டக்காரர்களுக்குக் காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் இயந்திரத்தில் வேலை. ஆறு மாதத்தில் அவர்களுடைய கால்களும் என் பொறுப்புக்கு வந்தன. முதல் வாரம் எவனுக்கும் வலியே இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு கதவுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள்.

வீட்டில் என் கணவர் ஒரே ஒரு முறை கேட்டார். அவரும் நானும் திருநெல்வேலிப் பக்கம்.

“அவனுவ காலத் தொட்டா பாக்க?”

“கால் வைத்தியத்தப் பின்ன காதத் தொட்டா பாக்க முடியும்?”

அதோடு விட்டுவிட்டார்.

எனக்கு மேலதிகாரி மேஜர் கேல்கர், தொழிற்சாலையின் மருத்துவர். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒருவனைச் சோதிக்க அவருக்கு ஒரு வரிசை உண்டு. எந்தக் கால் வலிக்கிறது என்று வந்தவன் சொன்னாலும், முதலில் வலிக்காத காலைத்தான் தொடுவார். அவனுடைய இயல்பு எது என்று தெரிந்தால்தான் கோளாறு எது என்று தெரியும் என்பார். “வலிக்கிறதா?” என்று கேட்கவே கூடாது, அழுத்திக்கொண்டே முகத்தைப் பார்க்க வேண்டும். வந்தவன் உள்ளே வரும்போது எப்படி நடக்கிறான் என்பதைவிட, பரிசோதனை முடிந்தது என்று சொன்ன பிறகு எப்படி வெளியே போகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணுக்கும் ஒரு முறை வைத்திருந்தார். எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி இருபது அடி தள்ளி நிறுத்துவோம். ஒரு கண்ணை மறைக்க ஓர் அட்டை. எக்ஸ்ரே ஃபிலிம் சுற்றி வரும் கறுப்புத் தாளைத் தடித்த அட்டையில் ஒட்டி அவரே செய்தது.

“கண்ணை மூடிக்கோன்னு சொல்லாதீங்க மிஸஸ் நாயகம். அட்டையை நீங்க பிடிங்க. அவன் கையை நம்பாதீங்க. கையில விரல் இருக்கு, விரலுக்கு நடுவுல சந்து இருக்கு.”

யார் தவறு செய்தாலும் அவர் திட்டமாட்டார். பேனாவை எடுத்து நீட்டுவார். என்ன தவறு செய்தோம் என்பதை நாமே பதிவேட்டில் நம் கையெழுத்தில் எழுத வேண்டும். படித்துப் பார்த்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போடுவார். அதன்பிறகு அதைப் பற்றிப் பேச்சே இருக்காது. என் கையெழுத்தில் மூன்று பக்கம் இருந்திருக்கும். நாலாவது பக்கத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த சீசனில் எங்கள் அணி முதல்முறையாக ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரை எடுத்தது. பெயர் கோஜோ, கானா நாட்டவர், மிட்ஃபீல்டர், வயது முப்பத்தைந்து. சொந்த ஊரில் பத்து வருடம் ஆடிவிட்டு மஸ்கட்டில் நான்கு வருடம் ஆடியவர். போசரி அவருடைய கடைசி ஒப்பந்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் வெளிநாட்டவர் பதிவுக்கு அவரை நான்தான் அழைத்துப் போனேன். ஆங்கிலத்தில் படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்று அனுப்பினார்கள். தொழில் என்ற இடத்தில் கால்பந்து என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த குமாஸ்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“அது விளையாட்டு. தொழில் என்ன?”

நான் மொழிபெயர்த்தேன். கோஜோ தலையாட்டினார். “சொல்லுங்க மேடம், என் மனைவியும் அதையேதான் கேக்குறா.”

குமாஸ்தா சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். கோஜோ பேசியது ஆங்கிலம், மற்றவர்கள் பேசியது இந்தியும் மராட்டியும். காதில் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

பரிசோதனை அன்று மாலைக்குள் அவருடைய மாற்றல் தாள்கள் கால்பந்துச் சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் கிளப் அலுவலகத்திலிருந்து வந்த ஆள் தாளுடன் வாசலிலேயே நின்றார். மேஜர் நெஞ்சையும் வயிற்றையும் முழங்காலையும் பார்த்து முடித்தார். அப்போது இயந்திரங்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் ஒருவருக்கு விரல் நசுங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. “கண்ணை நீங்க முடிச்சிடுங்க,” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கோஜோ ஆறடிக்கு மேல் உயரம். நான் அட்டையை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றேன். எத்தனையோ பேரின் தொடையையும் இடுப்பையும் பிடித்த கை இது. அப்போதெல்லாம் எனக்கு எந்த யோசனையும் வந்ததில்லை. ஆனால் இப்போது என் வயதுடைய ஓர் ஆணின் முன்னால், மூச்சுப் படும் தூரத்தில், முகத்துக்கு முகம் நின்று, கையை உயர்த்தி அவர் கன்னத்தை ஒட்டி வைக்க வேண்டும். மற்ற ஆட்டக்காரர்கள் எனக்குத் தம்பி வயது. அவர்களிடம் இந்தத் தயக்கம் வந்ததில்லை. வாசலில் அந்த அலுவலக ஆள் வேறு நின்றுகொண்டிருந்தார். என் கை பாதி வழியில் நின்றது.

அவர் அதைக் கவனித்துவிட்டார். “பரவாயில்லை மேடம்,” என்று சொல்லித் தன் உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். கடைசி வரி வரை படித்தார். பிறகு வலது கண்ணை மூடினார். மறுபடியும் கடைசி வரி வரை, அதே எழுத்துகளை, கொஞ்சம் வேகமாகவே படித்தார். விரல்கள் முழுதாகச் சேராமல் இருந்ததைப் பார்த்தேன். ஒரு அடி முன்னால் போய்ச் சேர்த்துவைத்திருக்கலாம். இரண்டு கண்ணும் இயல்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் அணியில் பழகிய விதம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. வடாபாவ் முதல் நாளே சாப்பிட்டுக் காரத்தில் கண்ணீர் விட்டார். மறுநாள் இரண்டு கேட்டார். டிசம்பர் குளிருக்குக் குரங்குக் குல்லாய் வாங்கிப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். கிளப் ஒரு ஸ்கூட்டர் கொடுத்தது. வேண்டாம், நடக்கிறேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அணிப் பேருந்தில் எப்போதும் இடது வரிசை ஜன்னல் இருக்கைதான். வேறு யாராவது அங்கே உட்கார்ந்தால் நின்றுகொண்டே வருவார். தங்குமிடத்தில் கட்டிலை இழுத்து, இடது பக்கம் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டார். மூத்த ஆட்டக்காரர்களுக்கு இப்படி ஏதாவது ராசி இருக்கும் என்று நாங்களே விளக்கம் சொல்லிக்கொண்டோம்.

ஆட்டத்திலும் அப்படித்தான். பழைய கிளப் அனுப்பிய தாளில் நடுவில் ஆடுபவர் என்று இருந்தது. இங்கே வந்ததும் இடது ஓரத்தில் ஆட விடுங்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். வயதாகிவிட்டது, குறைவாக ஓடப் பார்க்கிறார் என்று பயிற்சியாளர் நினைத்தார். ஆனால் ஓரக்கோட்டை இடது பக்கம் வைத்துக்கொண்டு அவர் ஆடியது தனி அழகு. பந்து வருவதற்கு முன்பே நாலு முறை திரும்பிப் பார்த்துவிடுவார். வந்த பந்தை ஒரே தொடலில் அனுப்பிவிடுவார். எட்டு ஆட்டத்தில் ஆறு வென்றோம். மேல் டிவிஷனுக்குப் போகும் நிலை வந்தது.

“அரே மேடம், கோஜோ பாய் மனுஷனா ஆந்தையா?” என்பான் அணித் தலைவன் சந்தோஷ். “கழுத்தை முதுகு வரைக்கும் திருப்புறார்!”

அந்தக் கழுத்துக்குத்தான் வாரம் இரண்டு முறை என்னிடம் வந்தார். கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தசையைத் தளர்த்தி அனுப்புவேன். காலால் ஆடுகிறவருக்குக் கழுத்து ஏன் இப்படி இறுகுகிறது என்று ஒன்றரை மாதம் நான் கேட்கவில்லை.

பொங்கல் அன்று திங்கட்கிழமை, அணிக்கு ஓய்வு நாள். அவரைச் சாப்பிட அழைத்திருந்தேன். என் கணவர் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அப்பளத் தட்டை அவர் பக்கம் நீட்டினார். கோஜோ சாம்பாரைப் பற்றி எதிரில் இருந்த நித்யாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. தட்டு அவர் முழங்கையில் இடித்த பிறகுதான் துள்ளி விழுந்து திரும்பினார், மன்னிப்புக் கேட்டார், இரண்டு அப்பளம் எடுத்துக்கொண்டார்.

பிறகு அவரே சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சொம்பின் விளிம்பை டம்ளரின் விளிம்பில் வைத்து, இரண்டும் தொட்ட பிறகு சாய்த்தார். இரண்டாம் முறையும் அப்படியே. நித்யாவுக்கு ஊற்றியபோதும் அப்படியே.

என் கையில் பாயசக் கரண்டி இருந்தது. வார்டில் இருந்தபோது ஒரு கண் போனவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த முறை அது. ஒரு கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பதன் தூரம் தெரியாது. தொட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

அவர் போன பிறகு கணவர் சொன்னார்: “நான் நீட்டிக்கிட்டே இருக்கேன், மனுசன் கண்டுக்கிடவே இல்லையே. எம் மேல எதும் வருத்தமோ?”

“இல்ல. அவுகளுக்கு அந்தப் பக்கம் தெரியல,” என்றேன். அவர் அதைக் கவனக்குறைவு என்ற பொருளில் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பயிற்சி முடிந்து காலை பத்தரை மணிக்குக் கழுத்துக்காக வந்தார். மேஜர் அன்று வேறொரு யூனிட்டுக்குப் போயிருந்தார். கதவைச் சாத்தினேன். கோஜோவை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். அலமாரியில் இருந்து கறுப்பு அட்டையை எடுத்து, எதிரில் நின்று, என் கையால் அவருடைய வலது கண்ணை மறைத்தேன். அட்டையின் ஓரம் மூக்கில் பட்டது. என் விரல் அவர் நெற்றியில் இருந்தது. அவர் அசையவில்லை.

“என் கையில எத்தனை விரல்?” என்று கேட்டேன்.

இடது கண் என்னை நேராகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்ப்பதற்கு அது எந்தக் குறையும் இல்லாத கண்.

“மூணு,” என்றார்.

நான் மறு கையை உயர்த்தவே இல்லை. அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அட்டையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அவர் என் கை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “நாலுன்னு சொல்லியிருக்கணும் போல.”

நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னார். மஸ்கட்டில், கடைசி வருடம், ஐந்தடி தூரத்தில் அடித்த பந்து. உள்ளே விழித்திரை கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சை பலன் தரவில்லை. கிளப்பில் தெரிவதற்குள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். ஒரு வருடம் தன் ஊர் மைதானத்தில் தனியாகப் பழகினார். எந்தப் பக்கம் நிற்பது, எப்போது திரும்புவது என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டார். இந்த சீசனை முடித்தால் சொந்த ஊர் கிளப்பில் பயிற்சியாளர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டில் கடைசிவரை ஆடியவர் என்ற பெயரோடு போக வேண்டும்.

“இன்னும் மூணு ஆட்டம்தான் மேடம்.”

“வலது கண்ணுல ஒரு அடி பட்டா?”

“பதினஞ்சு வருஷமா ஆடுறேன். அந்தக் கண்ணுல பட்டதில்லை.”

“இடது கண்ணும் அப்படித்தானே இருந்தது?”

அட்டையை என் கையில் இருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அன்னைக்கு இதை நீங்க எடுத்தப்போ அவ்வளவுதான்னு நினைச்சேன்,” என்றார். “அப்புறம் உங்க கை நின்னுச்சு.”

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அவரே மேஜரிடம் சொல்லிவிடுவார். அதுவரை நான் பேசமாட்டேன். அவருக்காக இரங்கி ஒப்புக்கொண்டதாக ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பாதி உண்மை. மறு பாதி, அவருடைய கோப்பில் இரண்டு கண்ணும் இயல்பு என்பதற்குக் கீழே இருந்த கையெழுத்து என்னுடையது. அவரே சொன்னால் அவர் ஏமாற்றியதாக இருக்கும். நான் சொன்னால் நான் ஏமாந்ததாக இருக்கும்.

வியாழக்கிழமை மேஜர் தானாகவே கேட்டார். “கோஜோவுக்குக் கழுத்து எப்படி இருக்கு?”

“பரவாயில்ல சார்,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தில்தான் ஆட்டம். மூன்று ஷிப்ட் ஆட்களும் வந்து நின்றார்கள். நான் மருந்துப் பெட்டியோடு ஓரத்தில் உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதியில் ஒரு மூலைப் பந்துக்காக அவர் கோலுக்கு முன்னால் போனார். வழக்கமாகப் போகமாட்டார். அங்கே அவருக்கு ஓரக்கோடு கிடையாது. பந்து உயர்ந்து வந்தது, அவர் எழும்பினார். எதிரணிக்காரன் ஒருவன் அவருடைய இடது பக்கத்தில் இருந்து ஓடி வந்து எழும்பினான். சத்தம் கேட்டோ என்னவோ கோஜோ கடைசி நொடியில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். அவனுடைய முழங்கை நேராக அவர் வலது கண்ணில் இறங்கியது. அவன் மீது தவறு இல்லை.

நான் ஓடினேன். அவர் புல்லில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, முகத்தை நேராக வைத்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது. உள்ளே, கருவிழிக்கு முன்னால், ரத்தம் திரையாக இறங்கியிருந்தது.

“யாரு?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“மேடம், பந்து உள்ள போச்சா?”

சந்தோஷ் பக்கத்தில் மண்டியிட்டு இருந்தான். “போச்சு பாய், கோல்,” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினான். கோஜோ அவன் இருப்பதாக நினைத்த பக்கம் பார்த்துச் சிரித்தார். சந்தோஷ் இருந்தது அவருக்கு மறுபக்கம். அப்போதுதான் அவன் முகம் மாறியது.

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தலை அசையக் கூடாது. மைதானத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எந்தத் தயக்கமும் வரவில்லை.

கண் மருத்துவமனையில் படுக்கையைத் தலைப்பக்கம் உயர்த்தி, வலது கண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். ஐந்து நாள் அசையாமல் இருக்க வேண்டும், ரத்தம் தானாக வடியலாம், மறுபடி கசியவும் கூடும் என்றார்கள். கட்டு ஒரு கண்ணுக்குத்தான். அவருக்கு அது இரண்டு கண்ணுக்குமான கட்டு.

இடது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்த மருத்துவர், இது பழையது என்று மேஜரிடம் சொல்லிவிட்டார். மேஜர் நடையில் இருந்த பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அட்டையைப் பிடிச்சது யாரு?”

“அவர் கையாலேயே மூடிக்கிட்டார் சார்.”

“ஏன்?”

சொன்னேன். முகத்தைத் தொடத் தயங்கியதை அப்படியே சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் பதிவேட்டைத் திறந்துவைத்துப் பேனாவை நீட்டினார்.

எழுதினேன். பரிசோதனை செய்தவர், செய்த முறை, முறையில் இருந்த தவறு எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினேன். கடைசியில் ஒரு வரி: குறை தெரியவந்த நாள். அங்கே பேனா நின்றது. பிறகு, ஞாயிறு என்று எழுதினேன்.

மேஜர் படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார். “ஞாயிறு?”

“ஆமா சார்.”

அன்று மாலை அவர் மருத்துவமனைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கட்டிலில் கிடந்த கோஜோவிடம் அதே கேள்வியைக் கேட்டார். மிஸஸ் நாயகத்துக்கு இது எப்போது தெரியும்? கோஜோவுக்கு நான் அறையில் இருப்பது தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. அவர் கூரையை நோக்கியே படுத்திருந்தார்.

“ஞாயித்துக்கிழமை, டாக்டர்,” என்றார். “மைதானத்துல.”

நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. மறுநாள் அந்தப் பக்கத்தின் கீழே மேஜரின் கையெழுத்து இருந்தது.

ஆறாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். மருத்துவர் அனுமதித்ததும் மேஜர் வேறொரு அட்டையைச் சுவரில் மாட்டினார். ஆங்கில ‘ஈ’ எழுத்து நான்கு திசையிலும் திரும்பித் திரும்பி நிற்கும் அட்டை. மனப்பாடம் செய்ய முடியாது. அதன் கைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று விரலால் காட்ட வேண்டும். மேஜர் என்னைப் பார்த்தார். நான் எதிரில் போய் நின்று கோஜோவின் இடது கண்ணைக் கறுப்பு அட்டையால் மறைத்தேன்.

“அந்தக் கண்ணுக்கு எதுக்கு மேடம் அட்டை?” என்றார் கோஜோ.

“முறை,” என்றார் மேஜர்.

மேல், வலம், கீழ், மறுபடி கீழ். அவர் விரல் நிதானமாகத் திரும்பியது. கீழிருந்து இரண்டாவது வரி வரை சரியாகக் காட்டினார். அங்கே ஒன்றைத் தவறவிட்டார். கடைசி வரி தெரியவில்லை என்றார். அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை மேஜர் மூக்கு வழியாக விட்டது எனக்குக் கேட்டது.

கோஜோ அதன்பிறகு ஆடவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றோம், அடுத்த இரண்டிலும் தோற்றோம், மேல் டிவிஷனுக்குப் போகவில்லை. அவரை வழியனுப்ப அணி முழுவதும் வந்தது. சந்தோஷ் அவருக்கு இடது பக்கம் ஒட்டி நின்றுகொண்டு யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. என்னிடம் விடைபெறும்போது கோஜோ கையை மட்டும் நீட்டினார். நான் பிடிக்கும் வரை நீட்டியபடியே வைத்திருந்தார். ஊரில் பயிற்சியாளராகச் சேர்ந்துவிட்டதாக ஒரே ஒரு கடிதம் வந்தது. அதில் நித்யாவை விசாரித்திருந்தார்.

அடுத்த சீசன் பரிசோதனை நாளில் அலமாரியைத் திறந்தேன். கறுப்பு அட்டையின் அடியில் ஒரு மர ஸ்கேலை வைத்து ஆணி அடித்திருந்தது. விசிறிபோல ஒரு கைப்பிடி. இனி இரண்டடி தள்ளி நின்றே ஒருவர் கண்ணை மறைக்கலாம். மேஜர் மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“உயரமான ஆளுங்களுக்கு வசதியா இருக்கும்,” என்றார்.

உண்மையை அன்று சொல்லியிருக்க வேண்டும். நன்றி சார் என்று மட்டும் சொன்னேன். பிறகும் சில வருடம் அதே அறையில் வேலை பார்த்தோம். தொழிற்சாலை அணியைக் கலைத்து, பாதிப் பேருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தபோது நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அட்டையையும் கேட்டு எடுத்துவந்தேன். மேஜர் போன மழைக்காலத்தில் காலமானார்.

நேற்று நித்யாவின் படிவத்தை நிரப்பினேன். இடது கணுக்கால், வெளிப்பக்கத் தசைநார், ஏற்பட்ட நாள், தெரியவந்த நாள். இரண்டும் ஒரே நாள். அவள் பார்த்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். “ஏட்டி, சாப்பிட வா,” என்று அவள் அப்பா இரண்டு முறை கூப்பிட்டும் வரவில்லை. முகாமில் இருந்து அவளைத் திருப்பி அனுப்பலாம். என்னோடு பேச இன்னும் சில நாள் ஆகும்.

அவள் கேட்ட கேள்விக்கும், தொலைபேசியில் அந்தப் பெண் கேட்டதற்கும் பதில் இதுதான். போசரியில் அந்தப் பதிவேடு இன்னும் எங்காவது இருந்தால், கோஜோவின் பெயருள்ள பக்கத்தில் கடைசி வரி தவறு. அதன் கீழே மேஜர் போட்ட கையெழுத்து என்னை நம்பிப் போட்டது.

எனக்குத் தெரிந்தது செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி.